தங்கத்தாய் கேட்ட பலகை

பலகையைக் கையில் கொடுத்தால் தங்கத்தாய் முதலில் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு முகர்வாள். அதன் பிறகுதான் உள்ளங்கையில் ஒரு தட்டு, முழங்கைக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில் ஒரு தட்டு, கடைசியில் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சேலைக்கு மேலாகத் தொடையில் ஒரு தட்டு. தட்டியதும் எதுவும் சொல்லிவிட மாட்டாள். குளத்தில் கல்லைப் போட்டவள் அலை கரைக்கு வரும்வரை காத்திருப்பதுபோல் நிற்பாள்.

"இது வேண்டாம் மதினி. கத்துது."

அடுத்த பலகை.

"இது பரவால்ல. ஆனா எலும்பு வரைக்கும் போகுது. எனக்கு அம்புட்டு உள்ள போக வேண்டாம். மேலோட நின்னாப் போதும்."

சங்கரன்கோவிலில் ரயிலடிக்குப் போகிற வழியில் என் பட்டறை இருக்கிறது. விசைத்தறிகளுக்கு வேண்டிய மரச் சாமான்கள் செய்கிறேன். ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியில் இங்கும் அங்கும் பாய்கிற நாடா என்ற படகு வடிவக் கட்டையைச் செப்பனிடுவதுதான் முக்கியமான வேலை. அப்பா இழைப்பதைப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்தது. பட்டறைக்குப் பின்னால் தறிக் கொட்டகைகள். அவற்றில் ஒன்றில் தங்கத்தாய் தார் சுற்றுகிறாள். அதாவது, நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் நூலைச் சுற்றிக்கொடுக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பின்வாசல் வழியாக வருவாள். தலையெல்லாம் பஞ்சு. நாற்பது வயதுக்கு நரை கொஞ்சம்தான். பஞ்சுதான் அவளைக் கிழவியாக்கிக் காட்டும். தட்டிவிடமாட்டாள். "விடுங்க, சாயந்தரம் அதுவே பறந்து போயிரும்" என்பாள். கொண்டைக்கு ஊசி கிடையாது. முனை உடைந்த தார்க்குச்சி ஒன்றைச் செருகியிருப்பாள். முந்தானை முடிச்சில் எப்போதும் பொரிகடலை. பேசும்போது உதட்டை அகல அகலத் திறந்து, கூடவே விரலாலும் சொல்லுவாள். தறிக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான்; இவளுக்கு அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிரிக்கும்போது மட்டும் சத்தமே வராது. தோள் குலுங்கும்.

முதல் தடவை வந்தபோது நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"மதினி, கையகலத்துக்கு ஒரு பலகை வேணும்."

"எதுக்கு?"

"தட்டுறதுக்கு."

"என்னத்தத் தட்ட?"

"என்னையத்தான்."

நான் உளியைக் கீழே வைத்துவிட்டேன். "ஏட்டி, வீட்டுக்காரரு ஒன்ன அடிக்காரா?"

அவள் தோள் குலுங்கியது. "அடிச்சா ஒங்ககிட்டயா வருவேன்? அரிவாள எடுத்திருக்க மாட்டேனா? எங்க அக்கா பட்ட அடிய இந்தக் கண்ணால பாத்தவ நான். அது அவ கேக்காத அடி. இது நான் கேக்குதது. நான் கேக்கணும், அவுக சரின்னு சொல்லணும், நான் போதும்னா அந்த நிமிசம் நிக்கணும். ரெண்டும் ஒண்ணாக்கும்?"

"கேட்டு வாங்குதியா? அதுல என்னட்டி இருக்கு?"

பொரிகடலையை வாயில் போட்டு நெடுநேரம் மென்றாள். பின்னால் கொட்டகைகளில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டுக்கூரையில் ஓயாமல் பெய்கிற மழை மாதிரியான சத்தம் அது. இந்தத் தெருவில் இருக்கிறவர்களுக்கு அது சத்தமாகவே தெரியாது, நின்றால்தான் தெரியும்.

"கரண்டு போனா எல்லாத் தறியும் ஒண்ணா நிக்கும்லா? அப்பக் காதுக்குள்ள ஒரு அமைதி வரும் பாருங்க. கெணத்துக்குள்ள எறங்குத மாதிரி. அது எனக்கு ஒடம்பு முழுக்க வரும் மதினி. காலைலருந்து சக்கரம் சுத்திச் சுத்தி இந்தத் தலைக்குள்ளயும் ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு. அது நிக்கும். கண்ண மூடினா எங்கயோ மெதக்குத மாதிரி இருக்கும். அவுக கை என் தலையில இருக்கும். அம்புட்டுத்தான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவள் பார்த்த பார்வை பட்டறையைத் தாண்டி எங்கோ இருந்தது. ராஜபாளையம் பஸ் ஹாரன் அடித்துப் போனபிறகுதான் திரும்பி வந்தாள்.

இவளைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க. பேரு மட்டும் வேற போடுங்க. தங்கத்தாய்னு போடுங்க. எனக்கு அந்தப் பேர வைக்கலயேன்னு சின்னதுலருந்தே கொறை" என்றாள். அவள் கணவருக்கு ஆறுமுகச்சாமி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

ஒரு பொருள் எங்கே போய்ப் படும் என்று தெரியாமல் நான் எதையும் செய்வதில்லை. நாடா எந்தப் பெட்டியில் போய் முட்டும் என்று தெரிந்தால்தான் அதன் மூக்கைச் சரியாகக் கூராக்க முடியும். அவளிடமும் கேட்டேன். வெட்கப்படாமல், சேலை அளவு சொல்கிற மாதிரி சொன்னாள்.

"உக்காந்தா தரையில படுத எடம் இருக்குல்லா, நல்ல சதை, அங்கன. அதுக்குக் கீழ தொடையில கொஞ்சம். வேற எங்கயும் கெடையாது."

"இடுப்புல?"

"ஐயோ, ஆகவே ஆகாது. கறிக்கடையில பாத்ததில்லயா, ஆட்டுக்குக் குண்டிக்காய், கிட்னிதான், எங்கன இருக்குன்னு? மனுசனுக்கும் இடுப்புக்கு மேல, முதுகு ஓரமாத்தான் இருக்கு. அங்கன அடிபட்டா ரத்தமா மூத்திரம் போகும்னு சொல்லுவாக. முதுகு நடு எலும்பு கெடையாது, வால் எலும்பு கெடையாது, இடுப்பெலும்பு கெடையாது, முழங்காலுக்குப் பின்னால கெடையாது. எலும்போ மூட்டோ இருக்கிற எடமே வேண்டாம்."

மற்ற ஒழுங்குகளையும் அப்போதே சொன்னாள். இரண்டு பேரில் ஒருவருக்குக் கோபமோ மனவருத்தமோ இருக்கிற நாளில் பலகையைத் தொடக் கூடாது. ஆறுமுகச்சாமி குடிக்கிறவர் இல்லை. ஆனாலும் கோயில் கொடைக்கு ஊருக்குப் போய் யாராவது ஊற்றிக் கொடுத்துவிட்டால் அன்றைக்கும் கூடாது. முதலில் கையால் தட்டித் தட்டித் தோல் சூடேற வேண்டும். அதன் பிறகே பலகை, அதுவும் மெதுவாக. இடையில் நிறுத்தி அவர் கேட்பார், அவள் சொல்லுவாள். மரத்துப்போனால் அதோடு முடிந்தது. "வலிச்சாக்கூட நமக்குத் தெரியும். மரத்துப்போனா எம்புட்டுன்னு தெரியாதுல்லா." எல்லாம் ஆன பிறகு ஒரு போர்வை, குடிக்கத் தண்ணீர், தேங்காய் எண்ணெய். அவளாகப் பேசுகிறவரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை கேட்க வேண்டும்.

"அதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுப்பா? ரெண்டு பேரும் பேசிப் பேசித்தான். மகளக் கெட்டிக் குடுத்த பெறகு வீட்ல ரெண்டே பேரு. பேசாம வேற என்ன செய்ய?"

இத்தனை ஒழுங்கும் இருந்தும் ஒன்று தவறிப்போயிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு இன்னும் சில மத்தியானங்கள் ஆயின.

அவர்கள் வீடு, பல வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற ஒரு வளவுக்குள் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் பக்கத்துக் கொட்டகையில் தறி ஓடுகிற நேரமாகப் பார்த்துத்தான் வைத்துக்கொள்வார்கள். தறி இரைச்சல் கதவுபோல் எல்லாவற்றையும் மூடிவிடும். அப்போது அவர்களிடம் இருந்தது பலகை இல்லை; தறியில் நாடாவைத் தள்ளுகிற கட்டை ஒன்று பழசாகிக் கழித்துப் போட்டதை அவர் கொண்டுவந்திருந்தார். ஒடுக்கமானது, முனையில் கனமானது. ஆறுமுகச்சாமி கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே தறியில் நிற்கிறவர். காது பாதிக்குமேல் போய்விட்டது. அன்றைக்கு அவள் "போதும்" என்றாள். முகம் தலையணையில் இருந்தது. அவர் உதட்டைப் பார்க்கவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் மறுபடியும் சொல்லிக்கொண்டே புரண்டபோது கட்டை இடுப்பெலும்பில் விழுந்தது.

எந்த இரைச்சலை நம்பி நேரம் குறித்தார்களோ, அந்த இரைச்சலே அவள் சொல்லையும் மூடிவிட்டது.

வீக்கம் வற்றவில்லை என்று டாக்டரிடம் போனார்கள். அங்கே இருந்த நர்ஸ் காயத்தைப் பார்த்துவிட்டு ஆறுமுகச்சாமியின் முகத்துக்கு நேராக வந்து நின்று கத்தினாள்: "ஏன்யா, பொம்பளைய இப்பிடியா போட்டு அடிப்ப? நீயெல்லாம் மனுசனா?" எது கேட்காவிட்டாலும் அது அவருக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் கட்டையை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தார்.

"அந்த நர்ஸம்மா மேல தப்பில்ல. அவ பாத்தத வச்சுச் சொன்னா. நான் வாயத் தொறந்து என்னன்னு சொல்லுவேன் மதினி?" தங்கத்தாய் கொண்டையிலிருந்த தார்க்குச்சியை உருவி, திரும்பவும் செருகினாள். "அன்னையிலருந்து அவுக என்னத் தொடுததே இல்ல. அதக்கூட விடுங்க. தண்ணிச் செம்ப என் கையில குடுக்க மாட்டேங்காக. தரையில வச்சிட்டுத் தள்ளிப் போயிருதாக, நான் எடுத்துக்கிடணுமாம். விரல் பட்டிரும்னு பயம். எனக்குப் பலகை மட்டும் போதாது. அந்தச் செம்பும் கைக்கு வரணும்."

அதன் பிறகு பலகையை நான் வேறு விதமாகத் தேடினேன்.

புளியமரம் கனம்; கை நினைத்ததற்கு மேல் அது அடிக்கும். தேக்கு பார்வைக்கு அழகு, ஆனால் ஓரத்தில் முள்முள்ளாகச் சிலாம்பு விடும். சிலாம்பு ஏறினால் அவள் மறுநாள் உட்கார்ந்து தார் சுற்ற முடியாது. வேம்பைக் கன்னத்தில் வைத்ததுமே, "காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு" என்று தள்ளிவிட்டாள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கரிசல் வரப்பில் வெட்டிப் போட்டிருந்த மஞ்சணத்தி ஒன்று என்னிடம் காய்ந்துகொண்டிருந்தது. சொன்னால் சொன்னபடி இழைபடுகிற மரம். மஞ்சள் கிழங்கை நறுக்கிய நிறம். விரித்த கையின் அகலத்துக்கு அறுத்தேன். அகலம் இருந்தால் அடி பரவும், உள்ளே இறங்காது. ஒடுக்கமான கட்டையில் வந்த வினை அதுதான். ஓட்டை போடவில்லை, ஓட்டை இருந்தால் காற்று வழிவிட்டுப் பலகை சுள்ளென்று இறங்கும். விளிம்பை நெல்லிக்காய் உருண்டைபோல் உருட்டினேன். வார்னிஷ் கிடையாது, தேன்மெழுகு மட்டும்.

தங்கத்தாய் தலையிலிருந்து ஒரு துளிப் பஞ்சை எடுத்துப் பலகைமேல் முனையிலிருந்து முனைவரை இழுத்தாள். ஓரிடத்தில் பஞ்சு சிக்கிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலாம்பு. நாடாவைச் சோதிக்கிறதும் அப்படித்தான். பஞ்சு சிக்கினால் நூலும் சிக்கும். திரும்பவும் இழைத்தேன். திரும்பவும் பஞ்சு. அது வழுக்கிக்கொண்டு போய் ஓரத்தில் விழுந்து, வெயில் பட்டையில் ஏறி, சன்னல் வழியாக மிதந்து வெளியே போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒவ்வொரு தடவையும் எடுக்கு முன்ன இப்பிடி ஓட்டிப் பாரு. விரிசல் கண்டா அடுப்புக்குத்தான். தொடச்சு வை, நனைச்சு ஊறப் போட்டிராத."

"சரி மதினி."

அந்தச் சமயத்தில்தான் கொட்டகை முதலாளி மைதீன் பாட்சா நாடா வாங்க உள்ளே வந்தார். மேஜைமேல் கிடந்த பலகையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா, புதுச் சாமானா இருக்கு? தறிக்கா?"

நான் வாயைத் திறக்குமுன் தங்கத்தாய் சொன்னாள்: "மெத்தை தட்டுததுக்கு மொதலாளி. எனக்குத்தான்."

"ஒன் வீட்டுல ஏது மெத்தை?"

"இனிமேத்தான் வாங்கணும்."

"நல்ல கூத்து. தொட்டில் வாங்கிட்டுப் புள்ள பெக்குத கதையால்லா இருக்கு." பலகையைத் தன் உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "ஆனா நல்லா இருக்கும்மா. கையில உக்காருது. எங்க வீட்டுல நெசமாவே மெத்தை கெடக்கு, தூசி அள்ளுது. எனக்கும் ஒண்ணு போட்டு வையிங்க."

அவர் போகிறவரை தங்கத்தாய் மரக்கட்டைக் குவியல் பக்கமாகத் திரும்பி நின்றாள். தோள் குலுங்குவது நிற்கவே இல்லை. அவருக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். அவர் வீட்டம்மாள் ஷரீபா பீவிக்கு ரொம்பத் திருப்தி என்று சொல்லி அனுப்பினார்.

கைப்பிடி ஒன்றுதான் பாக்கி. கைப்பிடி பிடிக்கிறவர் கைமுட்டிக்குள் அடங்கியிருக்க வேண்டும். வழுக்கினால் குறி தவறும். குறி தவறினால் எலும்பு. மறுநாள் தங்கத்தாய் ஒரு நீளமான வெள்ளை நூலோடு வந்தாள். நூலில் ஓரிடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது.

"அவுக முட்டி அளவு. ராத்திரி அசந்து தூங்குதப்ப அளந்தேன்."

நான் நூலை வாங்கவில்லை. "அவருக்கிட்டக் கேட்டியாட்டி?"

"இல்ல."

"ஒனக்குப் பலகை வேணும். அவருக்கு வேணுமா?"

அவள் நூலை விரலில் சுற்றினாள்.

"நான் கேட்டு வாங்குதேன்னு நீதான சொன்ன? அப்ப தூங்குத மனுசன் கைய அளந்துட்டு வந்தா அது என்ன கணக்கு? கட்டையா விட்டு வைக்கேன். அவரக் கூட்டிட்டு வா. மாட்டேன்னு சொன்னா இதையும் பாய் வீட்டு மெத்தைக்கே குடுத்திருவோம்."

நூலை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனவள் ஒரு வாரம் வரவில்லை. நூல் சுருண்டு அங்கேயே கிடந்தது. இழைப்புச் சுருள்களைப் பெருக்கித் தள்ளும்போது அதை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்கினேன்.

வந்தபோது இரண்டு பேராக வந்தார்கள். ஆறுமுகச்சாமி உயரம், உள்ளே வரக் குனிந்தார், உள்ளே வந்தபின்னும் குனிந்தே நின்றார். புருவத்தில் பஞ்சு. பலகை இருந்த பக்கம் பார்க்காமல், சுவரில் தொங்கிய ரம்பங்களையே பார்த்தார். நான் அவருக்கு முகம் தெரியும்படி நின்று உதட்டை அகலத் திறந்து சொன்னேன்.

"அண்ணாச்சி, இது தங்கத்தாய் கேட்ட பலகை. நீங்க கேட்டதா இல்லையான்னு தெரியல."

என் உதட்டைப் பார்த்துவிட்டுப் பேசினார். காது போனவர்களுக்குக் குரல் ஒன்று உயர்ந்துவிடும், அல்லது இல்லாமலே போய்விடும். அவருக்கு இல்லாமல் போயிருந்தது. "தங்கச்சி, நான் அடிக்கிற ஆளு இல்ல."

"யாரு சொன்னா அப்பிடின்னு?" என்றாள் தங்கத்தாய்.

"நர்ஸம்மா சொன்னா. வளவே சொல்லுது. ஒங்க அக்கா புருசனுக்கும் எனக்கும் என்னட்டி வித்தியாசம்? அவன் கேக்க மாட்டான். எனக்குக் கேக்கல. ஒனக்கு ரெண்டும் ஒண்ணுதான பட்டிருக்கும்?"

"படல. நீங்க என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"நூலறுந்தா தறிகூடத் தானா நின்னுருது." அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "அதுக்குக் காதா இருக்கு? ஊடையில நூல் இல்லன்னா அதுக்குத் தெரியுது, நிக்குது. நீ போதும்னு சொல்லுத, நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன். தறிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே."

பின்னால் கொட்டகைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. தங்கத்தாய் மேஜையைப் பார்த்தாள். சுருண்டு கிடந்த நூலை எடுத்தாள். ஒரு முனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு மறுமுனையை அவரிடம் நீட்டினாள்.

"இதக் கெட்டிக்கிடுங்க. இடக்கையில. நான் இழுத்தா நில்லுங்க. நான் கை விட்டு நூல் தொய்ஞ்சு போனாலும் நில்லுங்க. வாய் வேண்டாம், காது வேண்டாம்."

அவர் நூலைப் பார்த்தார். வாங்கவில்லை. "நான் மாட்டேன்னு சொன்னா?"

"மாட்டேன்னா மாட்டேன். வீட்டுக்குப் போயி சோறு பொங்குவோம். நான் இனி கேக்க மாட்டேன். தண்ணிச் செம்ப மட்டும் கையில குடுங்க."

விருதுநகரிலிருந்து வருகிற ரயில் ரயிலடிக்குள் நுழைகிற நேரம். தரை லேசாக அதிர்ந்தது. மேஜைமேல் இழைப்புச் சுருள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நகர்ந்தன. ரயில் நின்றது. அதிர்வு அடங்கியது. அவர் கையை நீட்டி நூலை வாங்கி ஆள்காட்டி விரலில் சுற்றினார். விரல் சிவக்காதபடி தளர்வாகச் சுற்ற வேண்டும் என்று தங்கத்தாய் ஒருமுறை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினாள். அவள் விரல் அவர் விரல்மேல் பட்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மூலையில் மரத்தூள் நிரப்பிய மூட்டை ஒன்று இருந்தது. மேஜைமேல் அதைக் கிடத்தினேன். அதன் நடுவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டேன். இந்த வட்டத்துக்கு வெளியே படக் கூடாது என்று அவருக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை. கைப்பிடி இன்னும் சதுரக் கட்டையாகவே இருந்த பலகையை அவர் எடுத்தார். முதலில் தன் உள்ளங்கையில் தட்டினார். வேட்டிக்கு மேலாகத் தன் தொடையில் தட்டினார், பிறகு கொஞ்சம் பலமாக. நின்றார். அலை கரைக்கு வரும்வரை அவரும் காத்திருந்தார். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்ததில் ஒருவர் வழக்கம் இன்னொருவருக்கு வந்திருந்தது.

"அகலமா நிக்குது" என்றார். "உள்ள போகல."

தங்கத்தாய் அவருக்குப் பின்னால், கதவோரம் போய் நின்றுகொண்டாள். நூல் இருவருக்கும் நடுவில் காற்றில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது. அவர் மூட்டையைத் தட்டினார். மெதுவாக ஒன்று. பலகையைத் திருப்பி, சுண்ணாம்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். நடுவில்தான். இன்னொன்று. இன்னொன்று. ஓங்கின இன்னொன்று இறங்கவில்லை. பலகை காற்றில் நின்றது. நூல் கம்பிபோல் விறைத்திருந்தது. தங்கத்தாய் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

திரும்ப ஆரம்பித்தார். இந்த முறை அவள் நூலைத் தளர விட்டாள். அது தொய்ந்து தரைக்கு இறங்குவதற்குள் அவர் கை நின்றிருந்தது.

அப்படியே திரும்பத் திரும்பச் செய்தார்கள். எத்தனை முறை என்று நான் பார்க்கவில்லை. அவள் எப்போது இழுப்பாள் என்று தெரியாமல் அவர் காத்திருந்தார்; காத்திருக்கக் காத்திருக்க அவர் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. மரத்தூள் மூட்டையிலிருந்து எழும்பி வெயிலில் பொன்னாகச் சுழன்று, அவர்கள் தலைப்பஞ்சில் போய் இறங்கியது. தறிச் சத்தம் எங்கோ வெகுதூரத்தில் பெய்கிற மழையாகப் போயிருந்தது. ஒருமுறை நூல் விறைத்ததும் அவர் பலகையைத் தாழ்த்திவிட்டு, நிற்காமல் திரும்பி வந்து, அவள் முகத்தைக் குனிந்து பார்த்து, "என்னட்டி? வலிச்சிட்டா?" என்று கேட்டார்.

"மூட்டைக்கா?" என்றாள் அவள். தோள் குலுங்கியது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பலகையை என்னிடம் கொண்டுவந்து வைத்தார்.

"தங்கச்சி, எல்லாஞ் சரி. கைப்பிடி கைக்கு அடங்கல" என்றார். கையை முட்டியாக மடக்கி மேஜைமேல் வைத்தார். அளந்துகொள்ளும்படி.

நான் அளந்தேன். சதுரத்தை உருட்டினேன், அவர் பிடித்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் என்றார், இன்னும் கொஞ்சம் எடுத்தேன். வேலை முடியும் மட்டும் இரண்டு பேரும் வாசல் மரக்கட்டையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பொரிகடலை தின்றார்கள். பானையில் தண்ணீர் மொண்டு செம்பை அவள் பக்கம் நீட்டினார். நீட்டியபடியே இருந்தார், அவள் வாங்குகிற வரைக்கும்.

"இன்னைக்கேவா?" என்று நான் தங்கத்தாயிடம் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்.

"ஒண்ணும் அவசரமில்ல. அவுக சொல்லட்டும். இன்னைக்குச் சோறுதான்" என்று அவளும் உதட்டாலேயே சொன்னாள்.

பலகையை மஞ்சள் பைக்குள் வைத்து இடுக்கிக்கொண்டாள். சாயங்கால முறை தொடங்கியிருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் தறிகள் அதிர ஓடின. ஆறுமுகச்சாமி வழக்கம்போல் முன்னால் நடந்தார், அவள் நாலு எட்டுப் பின்னால். விரலில் சுற்றிய நூலை இரண்டு பேரும் அவிழ்க்கவில்லை என்பதை அவர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் பார்த்தேன். பூச்சந்தைக்குப் போகிற சைக்கிள் ஒன்று, கூடை நிறையப் பிச்சிப்பூவோடு, முக்குத் திரும்பி வேகமாக வந்தது. சைக்கிள்காரர் மணியை அடித்துக்கொண்டே வந்தார். ஆறுமுகச்சாமி குறுக்கே காலெடுத்து வைத்தார்.

தங்கத்தாய் விரலைச் சுண்டினாள். தூக்கிய கால் தூக்கியபடி, அவர் நின்றார்.